அண்ணியின் கையில் உன் பேர்

மரத்தூள் மணக்க வாசலில் நின்று, "அஞ்சல, ஒரு செம்புத் தண்ணி" என்று கேட்கும் என் அண்ணனுக்கு,

நாளைக் காலையில் அண்ணிக்கு நான் பச்சை குத்தவேண்டும். குத்துவது என்று சொல்வதைவிட மறைப்பது என்று சொல்வதுதான் சரி. அண்ணியின் இடது கையில் நானே குத்திய உன் பேரை, நானே மறைக்கவேண்டும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இதை எப்படிச் செய்வேன், அண்ணே? தெருவில் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள். அதனால் அவர்களும் கேட்கட்டும் என்றே எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணி மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். மாப்பிள்ளை பேர் கோவிந்தன். பொன்மலை ரயில் பட்டறையில் இரும்படிக்கிற வேலை. அறுத்துக் கட்டுவது நம் சனத்தில் இல்லாத வழக்கமில்லை. நீ விஷக்காய்ச்சலில் போனபோது அண்ணிக்கு என் வயதுகூட இல்லை. உப்பிலியபுரத்திலிருந்து அவருடைய அப்பா வந்து கேட்டபோது, எனக்குச் சம்மதம் என்றுதான் சொன்னேன். கோவிந்தனிடம் ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடித்தான் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவருடைய அம்மாவிடம் வேண்டிய மட்டும் கிடைத்தது. பூ வைக்க வந்த அன்றைக்கே அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், ஆனாலும் எழுத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

"இது முந்தினவரு பேரா?" என்றாள்.

அண்ணி தலையசைத்தார்.

"இந்தக் கையால எம் மகனுக்குச் சோறு போடப்போறியா? நல்லா இருக்குமாம்மா?"

கோவிந்தன் எழுந்து, "அது இருந்துட்டுப் போவுது, விடும்மா" என்றார். அம்மா விடவில்லை. கூட வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு தடவை அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊசியை எடுத்து ஆளுக்கொரு குத்துக் குத்தியிருப்பேன். அண்ணி மட்டும் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

அவர்கள் போனபிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "அஞ்சல, இத மறைச்சுக் குடுத்துடு."

"அவரே வேணாம்னு சொல்லிட்டாரே அண்ணி. பின்ன என்ன?"

"அவரு சொல்லுவாரு. தெருவுல போற வர்றவங்க எல்லாம் பிடிச்சுப் பாத்துப் பேசுவாங்களே. உங்கண்ணன் பேரு அவங்க வாயில விழவேணாம்."

சரி என்றேன். சரி என்றதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப்போக வருவதற்குள் வேலை முடிந்திருக்கவேண்டும், புண்ணும் கொஞ்சமாவது ஆறியிருக்கவேண்டும்.

இதை எழுதுவதும் நீ போட்டுத் தந்த ரூமில் உட்கார்ந்துதான். உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா இருந்தவரை பச்சை குத்துவதென்றால் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மரத்தடியில் ஊசிப் பெட்டியை விரிப்பதுதான். பெண்கள் கையை நீட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். சுற்றி நின்று ஒரு கூட்டம் பார்க்கும். "ஊசிகூடப் பரவால்ல அஞ்சல, இந்த வேடிக்கை பாக்கறவங்கதான் அவங்களுக்கு வேதனை. மறைவா ஒரு ரூம் இருந்தா நிம்மதியா வருவாங்க" என்று நீதான் ஆரம்பித்தாய். ஆற்றுப் படித்துறைக்குப் போகிற அம்மா மண்டபம் ரோட்டில், பாத்திரக் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகை கிடைத்ததும் மற்ற தச்சு வேலையெல்லாம் ஒத்திப்போட்டாய்.

வெளிச்சம் என் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் என் கை நிழலே ஊசிமேல் விழும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாளே சுவரை இடித்து ஜன்னல் வைத்தாய். கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டாய் என்று இன்றைக்கும் சொல்வேன். வாசலுக்கு மரச்சட்டத் தடுப்பு போட்டாய். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. கழுவிவிட்ட தண்ணீர் தேங்காமல் ஓடத் தரையைச் சரிவாக்கினாய். கை வைக்கும் பலகையில் முழங்கை உட்காரக் குழி பறித்தாய். அதற்கு அளவு பார்க்க அண்ணியைத்தான் உட்காரவைத்தாய். ரம்பத்தை வைத்துக்கொண்டு நீ அளவெடுத்ததைவிட அண்ணி முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

எல்லாவற்றையும்விட அந்தப் பிடிகட்டை. குத்தாத கையால் பிடித்துக்கொள்ளட்டும் என்று சுவரில் அடித்து வைத்தாயே, அந்த உருண்டைக் கட்டை. வருகிறவர்கள் வலிக்க வலிக்கப் பிடித்துப் பிடித்து அது எண்ணெய் போட்டதுபோல் வழவழப்பாகிவிட்டது. காந்தி மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், என்னைத் திட்டவேண்டிய திட்டையெல்லாம் அந்தக் கட்டையைத்தான் திட்டுவாள்.

சுவர் முழுக்க நீ மரத்தில் செதுக்கிய அச்சுகள் தொங்குகின்றன. தேள், மயில், தேர், சங்கு, சக்கரம். அச்சைக் கரியில் தொட்டுத் தோலில் ஒற்றிவிட்டு, அந்தக் கோட்டின்மேல் குத்திக்கொண்டு போகிறேன். விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த கரியும் கரிசலாங்கண்ணிச் சாறும்தான் இன்றைக்கும் மசி. மண்ணெண்ணெய்க் கரி வேண்டாம் என்று அம்மா சொன்னதை மீறவில்லை. உலகச் சண்டை வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதுமில்லை.

பேர் குத்துவதற்கு மட்டும் நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஊசியை எடுக்குமுன் பேரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். குத்தியபிறகு தப்பு என்றால் அழிக்கவா முடியும்? ஆனால் கட்டிக்கொண்டவர் பேரைச் சொல்லும் பெண் யார் இருக்கிறாள்? சொல்லமுடியாததால்தானே கையில் குத்திக்கொள்ள வருகிறார்கள். ஒருத்தி நாத்தனாரைக் கூட்டி வருவாள், ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி வருவாள். வந்தவள் சொல்வாள், இவள் வெட்கத்தோடு தலையாட்டுவாள்.

அண்ணிக்குக் குத்தியபோது அந்த அவசியமே இல்லை. உன் பேர் எனக்குத் தெரியாதா? ஆனாலும் வம்புக்கு, "சொன்னாத்தான் குத்துவேன் அண்ணி" என்றேன். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, பேர் வரவில்லை. நீ வாசலில் எதையோ இழைப்பதுபோல நின்றாய். இழைப்புளி ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

அதன்பிறகு அண்ணிக்கு அந்தக் கைதான் வாய். ரேஷன் கார்டு எழுத வந்தவர், "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டபோது நீ வேலைக்குப் போயிருந்தாய். அண்ணி பேசாமல் கையை நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு போனார். நீ படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியிலும் அந்தக் கையைத்தான் நீட்டினார். அந்தக் கையை நான் எப்படி மறைப்பேன்?

இன்னொரு பயமும் இருக்கிறது. உள்ளே போன மசியை எடுக்க வழியில்லை. மேலே அடர்த்தியாகக் குத்தி மறைக்கத்தான் முடியும். புண் பச்சையாக இருக்கும்போது பார்த்தால் எல்லாம் மறைந்தமாதிரிதான் இருக்கும். பொருக்கு உதிர்ந்தபிறகு பழையது அடியிலிருந்து தலை காட்டும். கீரைக்கார அம்மாளுக்கு, யாரோ குத்திவிட்ட தேளை மறைத்துத் தாமரை போட்டேன். இப்போது தாமரைக்கு நடுவிலிருந்து கொடுக்கு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் சிரித்துக்கொண்டு காட்டுகிறாள். அண்ணி கையில் அப்படி ஓர் எழுத்து தலை நீட்டினால் அந்த மாமியார்க்காரி சிரிப்பாளா? அண்ணியை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்கவிடுவாளா?

சரியாக மறைந்துவிட்டாலும் பயம்தான். உன் பேர் வேறெங்கே இருக்கிறது, அண்ணே? உனக்குப் பிள்ளை இல்லை. நீ செய்த கதவிலும் கட்டிலிலும் பேர் வெட்டிக்கொண்டவன் இல்லை நீ. அந்தக் கையிலும் இல்லாமல் போனால், அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பேன்? வேண்டாம் என்று ஒரு தலையாட்டல் கிடைத்தால் போதும், இன்றே அண்ணியிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். நீ எந்தப் பக்கம் ஆட்டுவாய் என்றுதான் தெரியவில்லை.

மேலே உள்ளதை நேற்று எழுதிவிட்டு எழுந்துபோனேன். இப்போது மத்தியானம். வேலை முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அண்ணி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். தடுப்பை இழுத்துச் சாத்தினேன். கையைப் பலகையில் வைத்தார், முழங்கை குழியில் சரியாக உட்கார்ந்தது.

"தேர் போட்டுடறேன் அண்ணி. அதுல எடம் அடைச்சு வரும், எழுத்து தெரியாது" என்றேன்.

அண்ணி சுவரைப் பார்த்தார். "அந்தக் கொடியப் போடு."

"அதுவா? எலைக்கு எல இடுக்கு கெடக்குது. எழுத்து எட்டிப் பாக்கும்."

"பாத்தா பாத்துட்டுப் போவுது. யாருமே அதக் கேக்க மாட்டேங்கறாங்கன்னு உங்கண்ணனுக்கு மனக்குறை."

உண்மைதான். நீ நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய கொடி அச்சு. இலை இலையாகக் குத்த நேரமாகும், வலியும் அதிகம் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. நானும் யாருக்கும் எடுத்துக் காட்டவில்லை. அண்ணிக்கு மட்டும் அது நினைவில் இருந்திருக்கிறது. எடுத்துத் தூசி தட்டி, கரியில் தொட்டு, உன் பேரின்மேல் ஒற்றினேன். இடுக்குகளை அடைக்கச் சின்னச் சின்ன இலைகளை நானே கையால் வரைந்துகொண்டேன். ஊசியை எடுத்தேன். கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரச் சொல்லச் சொல்லுவியே. இன்னிக்குக் கேக்கலியா?"

"இது பேர் குத்துற வேலை இல்லையே அண்ணி."

"அன்னிக்கு நீ கேட்டப்ப சொல்லல. வாசல்ல நின்னு காதக் குடுத்துக்கிட்டு இருந்தாரு பாவம். சொல்லியிருக்கலாம்." குனிந்து கையைப் பார்த்துக்கொண்டார். "அந்த வீட்டுக்குப் போனப்புறம் சொல்ல முடியாது. இப்பச் சொல்லிடறேன்."

வலது கையால் பிடிகட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் தோலில் ஊசியை வைக்கவே இல்லை.

"மாணிக்கம்" என்றார்.

வாய் பழகாத பேர் அல்லவா, மெதுவாகத்தான் வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கொல்லையில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க, "மாணிக்கம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன், அண்ணே. அண்ணி அழவில்லை. "ம், குத்து" என்றார்.

குத்தினேன். ஓர் இலைக்கு அடியில் ஓர் எழுத்தாகப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணி கடைசிவரை கட்டையை விடவே இல்லை. முடிந்ததும் மஞ்சளும் அருகம்புல்லும் அரைத்துப் பூசி, துணி சுற்றிவிட்டேன். இப்போது கொட்டகையின் பின்னறையில் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். காய்ச்சல் வருமா என்று ஒரு பயம், பொருக்கு உதிரும்போது எழுத்து எட்டிப் பார்க்குமா என்று ஒரு பயம். எட்டிப் பார்க்காமலே போய்விடுமோ என்றும் ஒரு பயம். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. நானும் உன்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், உன் பேரை ஒருநாளும் சொன்னவளில்லை. இந்த ரூமைப் பார்த்துவிட்டு வருகிறவர்களெல்லாம், யார் செய்தது என்று கேட்பார்கள். "எங்கண்ணன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இனி நிறுத்தமாட்டேன். இந்தப் பலகையில் கை வைக்கிற ஒவ்வொருத்தியிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். இது சத்தியம்.

மாணிக்கத்தின் தங்கை,
அஞ்சலை