மோட்டார் இல்லாத மஞ்சள் எஞ்சின்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவரின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்து நீ திடுக்கிட்டிருப்பாய். பயப்படாதே, உள்ளே எழுதுவது நான்தான். வீட்டில் எல்லோரும் நலம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த எழுத்து எப்படி அங்கே வந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். நல்ல கதைகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் ‘அப்பா’ என்ற சொல் வந்ததுமே உனக்கு அடுப்பில் ஏதாவது கருகத் தொடங்கிவிடுகிறது. ஏழு மாதமாகக் கவனித்து வருகிறேன். ஒரு ஹோட்டல் சமையலறையில் நிஜமாகவே இவ்வளவு கருகினால் உன்னை யாரும் வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்திருக்கிறாள். எனக்குப் பள்ளி நூலகத்தில் புத்தகங்களை அடுக்கி வைக்கும் பொறுப்பு கிடைத்திருக்கிறது. உன் கட்டிலின் பாதியை என் புத்தகங்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. நீ வந்தால் அரை மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாதிரி ரயில் கம்பெனியின் இந்த வருடக் கேட்லாக் வந்துவிட்டது.

வழக்கம்போல அப்பா அதை மூன்று முறை படித்தார். முதல் முறை வாய் திறக்காமல், இரண்டாம் முறை பென்சிலோடு, மூன்றாம் முறை ரப்பரோடு. நீ இருந்தபோது இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் நீங்கள் இருவரும் போடும் வாக்குவாதத்தில் வீடே அதிரும். இந்தத் தடவை ரப்பர் தேய்க்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ரயில் கூட்டாளி பல் டாக்டர் தன்னுடைய கேட்லாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினொரு வண்டிகளுக்குக் குறி போட்டிருந்தார். அப்பா தன் மூன்று கேள்விகளை எடுத்தார்: எங்கே ஓடும், எதை இழுக்கும், இது வந்தால் எது இடம் விடும். டாக்டர் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நெளிந்தார். போன வருடம் வாங்கிய கறுப்பு எஞ்சினே இந்த வருடம் முன்னால் பனி தள்ளும் பலகையோடு வருகிறதாம், அது வேண்டுமென்றார். “உங்க மேஜையில பனி எப்ப பெஞ்சது டாக்டர்?” என்று அப்பா கேட்டார். இனிமேல் பெய்யலாமே என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் மூன்று வண்டிகளோடு எழுந்தார். நீங்க என்ன எடுக்கப் போறீங்க என்று அவர் கேட்டதற்கு, இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார் அப்பா. அது பொய். மேஜை இழுப்பறையில் படிவம் நிரப்பி இருந்தது. பார்க்கக் கூடாதுதான். பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு வரி. அப்பா பதினாறு வருடமாக எழுதியதெல்லாம் நீராவி எஞ்சின்கள்தான். இதில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் டீசல். நீ வைத்திருக்கும் டீசலுக்கு ஜோடி, வண்டி மேல் போட்டிருப்பது அடுத்த எண். அப்பா ‘சோப்பு டப்பா’ என்று கேலி செய்வாரே, அதே வகை.

நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நடந்ததை நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. இனிக் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்ன மறுநாள் அது. உன் டீசலை அப்பாவின் பெரிய தடத்தில் வேகமாக விட்டாய். அது எதிரே நின்ற நீராவி எஞ்சினை இடித்துக் கீழே தள்ளியது. “இந்தத் தண்டவாளத்துல அது இனிமே ஓடக் கூடாது” என்றார் அப்பா. “அப்ப எனக்கும் இங்க வேலை இல்ல” என்றாய் நீ. எஞ்சினைக் கம்பளிச் சாக்ஸுக்குள் திணித்துப் பையில் போட்டாய். நீங்கள் இரண்டு பேருமே ரயிலைப் பற்றிப் பேசவில்லை என்று படிக்கட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அதனால் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு படிவத்திலிருந்த கேட்லாக் எண்ணைச் சரிபார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

அந்த வண்டியைக் கேட்லாக்கில் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். எட்டில் முடியும் எண் மோட்டார் உள்ளது. மூன்றில் முடியும் எண் டம்மி. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே மோட்டார் கிடையாது, இன்னொரு எஞ்சின் இழுத்தால்தான் நகரும். அப்பா மூன்று என்று எழுதியிருந்தார். அவருக்குக் கண்ணாடி மாற்றி நாளாயிற்று. எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கம்பெனி, வந்த ஆர்டருக்கு மட்டும்தான் வண்டி செய்யும். தேதி முடிந்தால் மாற்ற முடியாது. பாவம், எட்டு மாதம் காத்திருந்து ஓடாத வண்டியைப் பிரிப்பாரே என்று, என் பேனாவால் அந்த மூன்றை எட்டாக்கிவிட்டேன். இரண்டு வளைவுகளை மூட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெரிய உதவி செய்துவிட்டதாகப் பெருமைகூடப் பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. கேட்லாக்கின் பின்னாலிருந்த இன்னொரு படிவத்தைக் கிழித்து, முதலிலிருந்து எழுதினார். திரும்பவும் மூன்று. எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கேள்விகளை அவரிடமே கேட்டேன்.

“எங்கப்பா ஓடும் இது?”

“தானா எங்கயும் ஓடாது.”

“எதை இழுக்கும்?”

“எதையும் இழுக்காது. இதைத்தான் இழுத்துட்டுப் போகணும்.”

அப்படியானால் மோட்டார் உள்ளதையே வாங்கலாமே என்றேன். அப்பா பேனாவை மூடினார். “மோட்டார் வண்டிதான் வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே” என்றார்.

அண்ணா, நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டில் டீசலே கிடையாது. இருந்த ஒன்று உன் சாக்ஸுக்குள் இருக்கிறது. அதை அவர் இன்னும் வீட்டுக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. அதற்கான பதிலை மேஜையிலேயே பார்த்துவிட்டேன். மேஜை மேலிருக்கும் எஞ்சின் ஷெட்டில் மூன்றாவது தடம் காலியாக இருந்தது. கீழே விழுந்து முன்பக்கம் நசுங்கிய அந்த நீராவி எஞ்சின் நிற்குமே, அந்தத் தடம். அந்த எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தண்டவாளத்தைத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு டீசல் நின்றால் பாதித் தடம் மிச்சமிருக்கும். இரண்டு நின்றால் சரியாக இருக்கும்.

இப்போது ஒரு சிக்கல். படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு பொம்மையும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். (பொம்மை இல்லை, மாதிரி வண்டி என்று அப்பா அப்போதும் திருத்தினார்.) முதல் கட்டத்தில் அப்பா, இரண்டாவதில் நீ. ஒருவர் மற்றவரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அது எனக்குத் தெரிந்து ஒரு வருடம்கூட நடக்கவில்லை. இந்தத் தடவை கையெழுத்து வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்பா கேட்கவில்லை. நான் போடட்டுமா என்றேன். “உன் கையெழுத்து நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அது உன் கட்டம் இல்ல” என்றார்.

ஐந்து நாளாகப் படிவம் மேஜை மேல் கிடந்தது. பறந்துவிடாமல் ஒரு நிலக்கரி வேகனை அதன் மேல் நிறுத்தியிருந்தார். ஆர்டர் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. அண்ணாவுக்கு அனுப்பட்டுமா என்று நேற்று சாப்பிடும்போது கேட்டேன். அப்பா மோர் கேட்டார். அம்மா ஊற்றினாள்.

இன்று காலை என் பள்ளிப் பையைத் திறந்தால் பெரிய கவர். மடங்காமலிருக்க உள்ளே அட்டை, அட்டையோடு படிவம், மேலே தபால்தலை. உன் முகவரியை அப்பா கட்டடப் படங்களில் எழுதும் அந்த நேர்த்தியான எழுத்தில் எழுதியிருந்தார். போன மாதம் நீ அறை மாறினாயே, அந்தப் புது அறை எண்ணுடன். அதை நீ அம்மாவிடம் போனில் ஒரே ஒரு முறைதான் சொன்னாய். நீ பேசும்போதெல்லாம் அப்பாவுக்குத் தாகம் எடுப்பதை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன். ஒரு போனுக்கு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வருவார். எதற்கென்று இன்றைக்குத்தான் புரிந்தது.

அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் எழுதமாட்டேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் நான் திரும்பவும் மூன்றை எட்டாக்குகிற மாதிரி ஆகிவிடும். நீ செய்தது சரி என்றும் அவர் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொன்னார். நேற்று மோர் குடித்து முடித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “சும்மாவே வெச்சிருந்தா மோட்டார் இறுகிப் போயிரும். அப்பப்ப நாலு சுத்தாவது ஓட்டணும்.” உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உன் அறையில் தண்டவாளம் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

படிவத்தை இருபத்தெட்டுக்குள் அனுப்பிவிடு. இரண்டாவது கட்டம், நீல மையில். புது வண்டி வருவதற்கு எட்டு மாதம் ஆகும், அதுவரை நீ காத்திருக்க வேண்டுமென்று எதுவும் இல்லை. மூன்றாவது தடம் இப்போதே காலியாகத்தான் இருக்கிறது. தினமும் துடைப்பது அப்பாதான், நான் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, கையைச் சுட்டுக்கொள்ளாதே. வரும்போது அந்தச் சாக்ஸை மறக்காமல் எடுத்து வா.

உன் அன்புத் தங்கை,
அகராதி
(நீ வைத்த பெயர்தான். இங்கே வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.)