அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை

இன்று காலை ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் உன் மடல் வந்து நின்றது. நீ எழுதியது இல்லை. வாராவாரம் உனக்கென்று வரும் அந்தக் கோள் அறிவியல் செய்தி மடல். அதற்கு மேலே ஒரு கப்பல் இரண்டு நாள் தாமதம் என்ற தகவல், கீழே ஒரு கொள்கலனை எந்தக் கிடங்கில் இறக்குவது என்ற தகராறு. நடுவில் இது: நிலவின் தென்துருவத்துக்குப் போகும் கருவியில் வேலை செய்ய ஆள் தேவை, சிறுகோள் மண்ணை ஆராய இரண்டு வருட வேலை, செவ்வாயின் பள்ளங்களை எண்ணிப் பழகும் பட்டறைக்கு விண்ணப்பிக்கலாம். நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. மடலை நிறுத்தச் சொல்ல அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. இத்தனை நாளில் நான் அதை அழுத்தவில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ விடமாட்டாய். செவ்வாயில் குழாய்களுக்குள் அடைத்து வைத்த கற்கள் இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. யார் போய் எடுத்து வருவது என்று இன்னும் முடிவாகவில்லையாம். "அழகா தாப்பாவ் பொட்டலம் கட்டி வச்சிட்டு, எடுக்காம வந்துட்டானுங்க பாருலா," என்று சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க நீ திட்டியது ஞாபகம் வந்தது. படித்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பிள்ளை என்ன அக்கா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இந்த மடல் என் ஆபீஸ் முகவரிக்கு வந்த கதை யாருக்குச் சொன்னாலும் புரியாது. பல்கலைக்கழக விடுதியில் நாம் இருவரும் ஒரே அறை. நீ நிலவியல், நான் வணிகம். படிப்பு முடிந்து நான் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கப்பல் காகிதம் பார்க்க வந்தேன். நீ ரவாங்கில் கல்குவாரியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தாய். கல்லை அறுத்து, தேய்த்து, முடியைவிட மெல்லிய தகடாக்கி, அதன் வழியே வெளிச்சம் விட்டுப் பார்ப்பது உன் வேலை. ரோடு போடும் கல்லைப் பார்த்துக்கொண்டே வானத்திலிருந்து விழுந்த கல்லுக்கு ஏங்கினாய். ஆனால் அந்த மடலை நீயே படிக்கப் பயந்தாய். "நான் பாத்தா எல்லாத்துக்கும் ஆசப்படுவேன்டீ. நீ பாரு. எனக்கு ஆகும்னா மட்டும் சொல்லு." அப்படித்தான் உன் ஆசைக்கெல்லாம் நான் காவல்காரி ஆனேன்.

எனக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் ஒழுங்காகப் படித்தேன். முனைவர் பட்டம் கேட்டால் தள்ளிவிடுவேன், அந்த நாட்டுக் குடியுரிமை கேட்டால் தள்ளிவிடுவேன். மிஞ்சியதை அச்செடுத்து, உனக்கு லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் கொண்டுவருவேன். நீ ஒரு கோடியிலிருந்து ரயிலேறுவாய், நான் மறு கோடியிலிருந்து ஏறுவேன், நடுவில் சந்திப்போம். நான் பசியாறாமல்தான் வருவேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் சேர்த்துத் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாய்.

என் கல்யாணம் முறிந்த வருடத்தில் அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. நீ எனக்கு ஆறுதலே சொன்னதில்லை. சிறுகோள்களைப் பற்றிச் சொன்னாய். நான் பாதி கேட்டுப் பாதி அழுதேன். உன் கைப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டுவாய். நான் வாங்கப் போனால், "மெதுவா. அவசரப்பட்டா ஒடஞ்சிரும்," என்பாய்.

அந்த டிசம்பரில் வந்த அறிவிப்பை நான்தான் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகம். சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துணுக்குகளை ஆராயும் முனைவர் படிப்பு, சம்பளத்தோடு. கல்லை மெல்லிய தகடாக்கும் அனுபவம் இருந்தால் நல்லது என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். நீ அந்த வரியை மூன்று முறை படித்தாய். பிறகு தண்ணீர் குடித்தாய்.

விண்ணப்பத்தை என் மடிக்கணினியில்தான் நிரப்பினோம். சிபாரிசுக் கடிதங்கள் போய்விட்டன. உன் கட்டுரையை நான் நாலு முறை திருத்தினேன். எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று நீ சொன்னாய். பாக்கி இருந்தது பழைய மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான். அதை வடக்கே இருந்து நம் பழைய பல்கலைக்கழகம் தபாலில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பட்டியல் சனிக்கிழமை காலை, நீ வீட்டைப் பூட்டும்போது வந்து சேர்ந்தது. அந்த உறையோடு அப்படியே ரயிலேறி வந்தாய்.

"நேத்தோட முடிஞ்சிருச்சுடீ," என்றேன் நான். யோசிக்கவே இல்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவளுக்கு, நேரம் முடிந்தால் முடிந்ததுதான். ஒரு நிமிடம் தாண்டினாலும் சரக்கு கரையில்தான் நிற்கும். நீ உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாய். மடித்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிறகு சாப்பிட்டோம்.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டரை மணிக்கு என் போன் அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? பாஸ். ஒரு ஏற்றுமதிக் காகிதம் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வெள்ளிக்கிழமை தேதியில் போயிருக்க வேண்டும், போகவில்லை. நான் பதறினேன். அவர் பதறவில்லை. "ஏன் பயப்படுற? அங்க இன்னும் வெள்ளிக்கிழமதான்லா. நம்ம நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றார்.

போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். அதே கரை. அதே வெள்ளிக்கிழமை. அந்தக் கரையின் நேரத்தை நம் நேரமாக மாற்றுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்குப் பத்து முறை செய்கிறேன். ஊரான் சரக்குக்கெல்லாம் செய்கிறவளுக்கு உன் ஒரு தாளுக்குச் செய்யத் தோன்றவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அது மறதி. கடைக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் செய்து தரும் இடம் இருந்தது. மடிக்கணினி என் தோளில் இருந்தது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலை.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ, "சரி விடு. பொங்கலுக்குப் பானை வாங்க அடுத்த வாரம் நான் கிள்ளானுக்கு வரேன். ஒங்க லிட்டில் இந்தியாவுல சுத்தலாம்," என்றாய். அடுத்த வாரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நீ போய்விட்டால் எனக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்காது. "ம்," என்றேன்.

அதற்குப் பிறகு துணிக்கடைக்குப் போனோம். உன் அம்மாவின் சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்தினோம். பச்சையில் எத்தனை பச்சை என்று நீ கடைக்கார அக்காவோடு வம்பளந்தாய். "என்னடீ வாட்சயே பாக்குற, ட்ரெயினுக்கா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நாலு மணி தாண்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஸ்டேஷனில் பிரியும்போது நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். "ஒன்ன வீணா அலைய விட்டுட்டேன். நான்தான் டிரான்ஸ்கிரிப்ட் லேட்டா கேட்டேன். என் தப்புடீ." அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் உண்மை உன் கையில் இருந்திருக்கும். நான் உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

நீ தேர்வாகியிருப்பாய் என்று யாராலும் சொல்ல முடியாது. உலகம் முழுக்கப் போட்டி போடுகிற இடம் அது. இந்தச் சமாதானத்தை எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் படிப்பு செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த மார்ச்சில் உனக்குக் காய்ச்சல். புதன்கிழமை, "ஒடம்பு சரியில்லடீ, இந்த வாரம் நீ மட்டும் தோச சாப்புடு," என்று செய்தி அனுப்பினாய். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கொசுவால் வரும் டிங்கி என்றார்கள். நான் வந்தபோது பேசினாய், என் வேலையைப் பற்றிக்கூடக் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ இல்லை. நீ அங்கே போயிருந்தால் ரவாங்கில் ஒரு கொசு உன்னைக் கடித்திருக்காது. இதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

உன் தலைத் திவசத்துக்கு முதல் நாள் உதவிக்கு வந்தேன். உன் அம்மா ஹாலில் உட்கார்ந்து உன் படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பூவை எடுத்துக் கொடுத்தேன். எதையோ பேசிக்கொண்டு வந்தவர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு பேப்பர நேரத்துக்குக் கேட்டு வாங்கத் துப்பில்ல இவளுக்கு. வாங்கியிருந்தா இந்நேரம் அமெரிக்காவுல இருப்பா. தானே கெடுத்துக்கிட்டா."

"அப்படிச் சொல்லாதீங்க ஆன்டி."

"நீ அவள விட்டுக் கொடுக்க மாட்ட. ஆனா உண்ம அதானே."

அதற்கு மேல் என்னால் பூ எடுத்துக் கொடுக்க முடியவில்லை. சொன்னேன். அந்தச் சனிக்கிழமை பட்டியல் வந்தது நேரத்துக்குள்தான் என்று சொன்னேன். நாலு மணி வரை கதவு திறந்திருந்தது, அது இரண்டரை மணிக்கே எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு உன்னோடு துணிக்கடையில் நின்றேன் என்று சொன்னேன்.

"ஏம்மா?" என்றார்.

"அவ போயிட்டா எனக்கு யாரும் இல்லன்னு நெனச்சேன் ஆன்டி."

அவர் கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். என்றாவது சொல்லத்தான் வேண்டும் என்று, ரயிலில் வரும்போதே அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அவர் நூலைக் கீழே வைத்தார். முழங்காலில் கையூன்றி எழுந்து உன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ வீட்டுக்கு வந்ததும் ஒன்ன என்னென்னமோ திட்டுனேனேம்மா. சோம்பேறின்னேன். ஒங்கப்பா மாதிரியே எதுக்கும் லாயக்கில்லன்னேன். ஒரு வார்த்த திருப்பிப் பேசாம நின்னியே." சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அம்மா தெரியாம சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காத."

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பூக் கட்டத் தொடங்கினார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு வர வேண்டிய திட்டு அது. இரண்டு வருடத்துக்கு முன்பே அதை நீ வாங்கிக்கொண்டாய், என்னிடம்கூடச் சொல்லாமல். அடுத்த வாரம், சொன்னபடியே கிள்ளானுக்கு வந்து என்னோடு பானை வாங்கினாய்.