இழுக்க வராத டிராயர்

போடி,
10.11.2024

அன்பு மனைவி வேல்விழிக்கு,

போனில் என் எண்ணை நீ தடுத்துவிட்டதால் எழுதுகிறேன். டிரெஸ்ஸிங் டேபிளின் டிராயர் சிக்கியதற்கு மழைதான் காரணம். உள்ளே தடுப்புக்கு வைத்த தேக்குச் சட்டங்கள் ஈரத்தில் ஊதிவிட்டன. நேற்று எல்லாவற்றையும் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தேன். வளையலுக்கு ஒரு அறை, சீப்புக்கு ஒன்று, உன் மாத்திரைகளுக்கு ஒன்று. எல்லாம் வீடியோ பார்த்து நானே அறுத்தது. ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன் செய்த வேலை என்று யாரும் நம்பமாட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீக்கிரம் வந்து சேர்.

உன்
தமிழ்மாறன்

பெரியகுளம்,
15.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கர்ப்பப்பைக் கட்டியை எடுத்து நான் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒரு முறை வந்தீர்கள். பிறகு போனில், "கடையில ஏலம் நடக்குது, வர முடியல" என்றீர்கள். பக்கத்துக் கட்டில் சாராளக்காவின் தோளைப் பிடித்துத்தான் கழிப்பறைக்குப் போனேன். வீட்டுக்கு வந்தால் எங்கு பார்த்தாலும் மரத்தூள். மாத்திரை எடுக்க டிராயரை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்ததில் தையல் விட்டு ரத்தம் கசிந்தது. அப்போது நீங்கள் சொன்னது இது: "மெதுவா இழு, சட்டம் ஒடஞ்சிரும்."

நான் கிளம்பி வந்தது அதற்காக. மரம் ஊதியதற்காக அல்ல.

வேல்விழி

போடி,
20.11.2024

அன்பு வேல்விழிக்கு,

உனக்காகத்தானே செய்தேன்? ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? டாக்டர் இருந்தார், உன் அப்பா இருந்தார். நீ திரும்பி வரும்போது எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்றுதான், உன்னிடம் ஏலம் என்று சொல்லிவிட்டு, கடைக்கு லீவு போட்டு ராப்பகலாக அறுத்தேன். விரலெல்லாம் சிராய் ஏறிக் கிடக்கிறது. இதைவிட ஒருவன் என்னதான் செய்வான்?

சட்டங்களின் முனையை இழைத்துவிட்டேன். இப்போது ஒற்றை விரலால் இழுத்தாலும் டிராயர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி பஸ்ஸில் கொண்டுவருகிறேன். நீயே பார்.

தமிழ்மாறன்

பெரியகுளம்,
25.11.2024

தமிழ்மாறன் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வந்தபோது அடுப்படியில்தான் இருந்தேன். உங்கள் குரல் கேட்டதும் காப்பிக்குப் பால் வைத்தேன். "வாங்க மாப்ள, புள்ள உள்ளதான் இருக்கா" என்று அப்பா சொன்னது கேட்டது. நீங்கள் சொன்னதும் கேட்டது. "இருக்கட்டும் மாமா. இத அவகிட்டக் குடுத்துருங்க. சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டீர்கள். அப்பா டிராயரைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாக ஆத்தா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் போடிக்கு வந்து என் துணிமணிகளை எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறோம். சாவியைப் பக்கத்து வீட்டு சொர்ணலதாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். டிரெஸ்ஸிங் டேபிள் அங்கேயே இருக்கட்டும்.

டிராயரை அப்பா விதை போட்டுவைக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன். கத்தரி, வெண்டை, பீர்க்கு எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன.

நீங்கள் கேட்டுவிட்டுப் போனதற்குப் பதில்: சரியாக இருக்கிறது.

பி. வேல்விழி