சிவப்பு போய்விட்டது

ஜூன் 3

வாயாடிக்கு,

போனை எடுத்தால் இருவரும் கத்துகிறோம், கடிதம் போடுங்கள் என்று நீதானே சொன்னாய்? போட்டுவிட்டேன். உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே?

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் பலகை இழைக்கும்போது ஒரு மரச் சிராய் தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. கண் செக்கச்செவேல் என்று ஆகி, வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. நம் வீட்டில் தங்கியிருந்த என் மாமாவின் கண்புரை ஆபரேஷனுக்கு வாங்கிய சொட்டு மருந்து ஃப்ரிட்ஜில் மீதி இருந்தது. அதை விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது! கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் தச்சன்

ஜூன் 6

அரை டாக்டருக்கு,

நீங்கள் கண்ணில் விட்டது என்ன மருந்து என்று தெரியுமா? அது ஆபரேஷன் ஆன கண்ணில் அழற்சியை அடக்கக் கொடுத்த மருந்து. மிச்சத்தை வேறு யாருக்கும் விடக் கூடாது என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். சிவப்பு அடங்கினால் புண் ஆறிவிட்டது என்று யார் சொன்னது? மங்கலாகத் தெரிகிறது என்பதுதான் முதலில் எழுத வேண்டிய சேதி.

பட்டறையில் தீப்பிடித்ததையே அடுத்தவர் வாயால்தான் கேட்டேன். அன்றும் ஒன்றுமில்லை என்றீர்கள். அதனால்தான் பெட்டியைக் கட்டி, தையல் மிஷினோடு அக்கா வீட்டுக்கு வந்தேன்.

இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாயாடி

ஜூன் 11

வாயாடிக்கு,

ஒரு கண்ணால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

“யாரைக் கேட்டு இதை விட்டீங்க?” என்று டாக்டரம்மா ஒரு பிடி பிடித்தார். கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதாம். சிராய் அதைக் கீறி, மரத்திலிருந்த பூஞ்சையை உள்ளே விட்டிருக்கிறது. நான் விட்ட மருந்து சிவப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்கிறது. இப்போது புது மருந்து, மணிக்கொரு தடவை. என் தங்கச்சி வந்து தங்கி, மருந்து விடுகிறாள்.

ஆறினாலும் தழும்பு நிற்கலாம், பார்வை முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். நேற்று உளியை எடுத்து வைக்கப் போனேன். கை அதற்குப் பக்கத்தில் காற்றைத்தான் பிடித்தது. பயமாக இருக்கிறது. தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆனால் கண்ணுக்காக நீ வர வேண்டாம். ஆறியதும் திரும்பிப் போய்விடுவாய். இன்னொரு தடவை வாசலில் நின்று உன்னை வழியனுப்ப என்னால் ஆகாது.

உன் தச்சன்

ஜூன் 14

என்னங்க,

சமையலறையில் நின்றபடியே படித்தேன். நான் போட்ட சத்தத்தில் அக்கா பதறி ஓடி வந்து, “என்னடி ஆச்சு?” என்றாள். “அவருக்குப் பயமா இருக்காம்” என்று சொன்னேன். “அதுக்கா சிரிக்கிற?” என்றாள். நான் அழுதுகொண்டும் இருந்தேன், அதை அவள் கவனிக்கவில்லை. நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

மருந்து விடுவதில் தங்கச்சியே கெட்டிக்காரி, அவளே விடட்டும். பார்வை எவ்வளவு திரும்புகிறதோ திரும்பட்டும். பலகையில் கோடு நான் போட்டுத் தருகிறேன், அறுக்கிற வேலை உங்களுடையது. கோணல் விழுந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வர வண்டி பேசியாகிவிட்டது. தையல் மிஷினை ஏற்றினால் பெட்டிக்கு இடமிருக்காது என்கிறார் வண்டிக்காரர். பெட்டி இங்கேயே இருக்கட்டும், மிஷினை ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாயாடி