தப்பான ரயில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

விடுமுறைக்கு, என்னைப் போலவே நம் நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களோடு பெருநகரம் பார்க்கப் போனேன். பூகோள டீச்சர் வரைபடம் பார்த்து ஏற்றிவிட்ட ரயில், ஊருக்கு வெளியே கடைசி நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. "நான் பாடம்தான் நடத்துவேன், வழி நடத்த எனக்கு எங்க தெரியும்?" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பிறகு நான்தான், அரைகுறையாகக் கற்ற இந்த ஊர்ப் பேச்சில் டிக்கெட் பரிசோதகரிடம் வழி கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது அம்மா. தெருமுனைக் கடைக்கே தம்பியைத் துணைக்கு இழுக்கும் நான், எல்லோரையும் திரும்பக் கூட்டிவந்தேன். அதற்குள் நாங்கள் பார்க்க நினைத்த அருங்காட்சியகத்தைப் பூட்டிவிட்டார்கள். எதிரே இருந்த பூங்காவில் நாலு டீச்சர்களும் ஆசை தீர ஊஞ்சலாடினோம்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். அடுத்து நீ அனுப்பும் பார்சலில் உன் தலையணை உறை ஒன்றையும் வை. துவைக்க வேண்டாம்.

உன் மகள்