கூரையில் ஏற உங்கள் அனுமதி கேட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பு என்ற சொல்லை அக்கா வாசிப்பார் என்பதற்காகப் போட்டிருக்கிறேன். நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம். உயிரோடு இருந்தபோதும் நான் சொன்ன எதையும் நீங்கள் பொருட்படுத்தியதில்லை.

முதலில் ஊரில் நடந்த புதினம். உங்கள் ஆண்டு நினைவுப் பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் உங்களை 'ஒளி தந்த மனிதர்' என்றார். உங்கள் வீட்டில் வாழ்ந்து பார்க்காத ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

மின்வெட்டுக் காலத்தில் ஊரே மெழுகுதிரி தேடியபோது நீங்கள் சோலார் தட்டுகளை வீட்டிலேயே செய்யப் புறப்பட்டீர்கள். அப்பளத்தைவிட மெல்லிய சூரியக் கலங்களைக் குசினிச் சமையல் மேசையில் பரப்பி, ஈயம் உருக்கி ஒன்றோடொன்று இணைத்தீர்கள். அதுவரை பிழையில்லை. பல்பு எரிந்தது, நானும் கைதட்டினேன். ஆனால் கலங்களை மூடிப் பூசுவதற்கு, துறைமுகக் கரையில் உடைந்த வள்ளங்களை ஒட்டுகிற அதே ரெசின் பசையை எடுத்தீர்கள்.

"அத்தான், இது வெயிலில மஞ்சளாகும் எண்டு வாசிச்சனான்."

"நீ வாசிச்சனி. நான் வாழ்நாள் முழுக்க வள்ளத்துக்குப் பூசினனான். கடலே உள்ளுக்க வரேலாத சாமானை வெயில் என்னடா செய்யும்?"

வள்ளத்துக்குள் வெயில் போகத் தேவையில்லை, அத்தான். தட்டுக்குள் போகவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அன்றும் சொன்னேன், நீங்கள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

தட்டுகள் முதலில் தேசிக்காய் மஞ்சளாயின, பிறகு பால் விடாத பிளேன்ரீ நிறம். அதற்கிடையில், வெற்றிக் களிப்பில், மின்சார சபைக்காரரிடம் மீற்றரையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டீர்கள். இனி வெளி மின்சாரம் இந்த வீட்டு வாசலை மிதிக்காது என்று அறிவித்தீர்கள். கேட்டு நின்றது நானும் ஒரு தெருநாயும்.

போன கிழமை மாரி மழை, வானம் மூடிக்கிடந்தது. மத்தியானம் அக்காவுக்குத் தொய்வு இழுத்து மூச்சு முட்டியது. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற சின்ன மெஷினைக் கரண்டில் கொழுவினேன். அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அக்காவின் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ரீற்றா மதிலுக்கு மேலால் தன் வீட்டு வயரை எறிந்திராவிட்டால், அடுத்த பூசையில் சுவாமி இரண்டு பெயர்களை வாசிக்க வேண்டியிருந்திருக்கும்.

மூச்சு வந்ததும் அக்கா முதலில் சொன்னது இது: "அவற்ற கரண்ட்தான் முதல்ல துவக்கி வைச்சது. ரீற்றா மிச்சத்தைத்தான் தந்தவ."

"அடியே, என்ர வயரைத் தா, நான் போறன்" என்றார் ரீற்றா.

ஒரு கேள்வி, அத்தான். நீங்கள் மீற்றரைக் கழற்றுவித்தபோது அக்காவுக்குத் தொய்வு இருந்தது. தெரிந்துதான் செய்தீர்களா? அல்லது, சுவர் முழுக்க வயர் இழுக்கிற அவசரத்தில், வீட்டில் மூச்சுவிடுகிற இன்னொரு ஆள் இருப்பது மறந்துபோனதா?

மறுபடி வெளி மின்சார லைன் இழுக்க ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தட்டுகள் இறங்கும்வரை இந்த வீட்டு வயரில் கை வைக்கமாட்டேன் என்று போய்விட்டார். நான் ஏணியை எடுத்தேன். அக்கா ஏணிக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அவரிட்ட ஒரு சொல் கேளாமல் அவற்ற சாமானில கை வைக்காத."

"அவர் செத்திட்டார் அக்கா."

"அதுக்கு? மரியாதை இல்லையே?"

"எப்பிடிக் கேக்கிறது?"

"ஊரில உள்ள எல்லாரையும் நக்கலடிச்சுப் பேப்பரில எழுதுறாய்தானே. அதில எழுதிக் கேள்."

ஆகவே, ஊர் அறியக் கேட்கிறேன்: தட்டுகளை இறக்கட்டுமா?

ஞாயிறு பூசை முடியும்வரை காத்திருப்பேன். மறுப்பிருந்தால் அக்காவின் கனவில் போய் முறையிடாதீர்கள். அவர் உடனே இரங்கிவிடுவார், பிறகு அடுத்த மழையில் அவரையும் உங்களிடம் அனுப்பவேண்டி வரும். என்னிடம் வாருங்கள். பழையபடி கையை நீட்டி, தொண்டை கட்டும்வரை சண்டை பிடியுங்கள். நீங்கள் என்ன நியாயம் சொன்னாலும் திங்கட்கிழமை விடிந்ததும் கூரையில் நிற்பேன். இது வாக்கு.

ஆனாலும் வாருங்கள்.

உங்கள் சொல்லுக்கு ஒருநாளும் அடங்காத,
உங்கள் மனைவியின் தம்பி,
ஓர்ஸ் ஹில்லில் இருந்து.