நாலாம் நம்பருக்கு உன் அறையைக் கொடுத்துவிட்டோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முதுகுவலியும் அவரை விட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறது. அங்கே உன் சுகத்தை நீயே நாலு வரி எழுதினால்தான் நம்புவேன், 'நல்லா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்' என்று நீ அனுப்புவதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது. உன் ஒரு வரிக் கடிதத்துக்குப் பதில் போட ஐந்து வாரம் ஆக்கிவிட்டேன் என்று கோபப்படாதே, சோம்பல் இல்லை, பயம். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், போனில் சொன்னால் நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், அப்பா நடுவில் போனைப் பிடுங்கிக்கொண்டு வானிலை பேசுவார். கடிதத்தில் என்றால் நீ கத்துவது எனக்குக் கேட்காது. அதனால் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டாக்டர் வெளியே போயிருக்கும்போது, நோயாளிகள் கையெழுத்துப் போடும் பேனாவால் எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். உட்கார்ந்துவிட்டாயா? உன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டோம். யாருக்கு என்பதுதான் விஷயமே. நம் ஊர் ஹாக்கி அணியின் டிஃபெண்டருக்கு. ஆமாம், அதே நாலாம் நம்பருக்கு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் பல் டாக்டரைத்தான் உனக்குத் தெரியுமே, வாயைத் திறக்க வைத்துவிட்டு ஹாக்கி பேசுகிறவர், எதிர்த்துப் பேச முடியாத ஆட்களாகப் பார்த்து வாதம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு ஒரு ஆள் கடைவாய்ப் பல் உடைந்து வந்தார், முப்பது வயது இருக்கும், பொறுமையான முகம். ஊசி போட்டு மரத்துப் போவதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டார், போன ஞாயிறு ஆட்டத்தைப் பாத்தீங்களா, அந்த நாலாம் நம்பர் டிஃபெண்டரா இல்ல நிகழ்ச்சிக்கு வர்றவங்கள வரவேற்க நிக்கிறவனா, வாங்க வாங்கன்னு கோல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விடறான், எங்க அத்தைய நிக்க வச்சாக்கூட சேலை முந்தானையாவது பந்தத் தடுக்கும் என்று. அந்த ஆள் வாயில் பஞ்சோடு தலையை மட்டும் ஆட்டினார். இருபது நிமிடம். கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நான்தான் சார் அது, என்றாரே பார். டாக்டர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். பணம் வாங்காதே என்று எனக்குச் சைகை காட்டினார், அவரோ முழுவதையும் கட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

போகும்போது சுவரில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், அறை வாடகைக்கு என்று. உன்னிடம் கேட்காமல் ஒட்டியது தப்புதான், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறதே என்று ஒட்டினேன், உன் பொருள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அந்தக் கால் உடைந்த கரடி உட்பட. ரூம் இன்னும் இருக்காக்கா என்று கேட்டார். இப்போது இருக்கும் வீடு என்ன ஆச்சு என்றேன். வீட்டுக்காரர் தினமும் காலையில் எதிரே வரும்போதெல்லாம் வணக்கம் சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டுகிறாராம், முதலில் விளையாட்டு என்றுதான் இவரும் சிரித்தாராம், அப்புறம் அவர் பேரன் ஆட்டினானாம், அப்புறம் பால் போடுகிறவர் ஆட்டினாராம். சாவி ஆட்டுவது எதற்கு என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைதானத்தில் அவரிடம் பந்து போனால் போதும், கிழக்குப் பக்க இருக்கைகள் முழுவதும் எழுந்து நின்று வீட்டுச் சாவிகளைக் குலுக்கும், பூட்டு பூட்டு என்று கத்தும். நானும் குலுக்கியிருக்கிறேன் கண்ணு. சும்மா இல்லை, கிளினிக் சாவிக்கொத்து, பதினோரு சாவி, எங்கள் வரிசையிலேயே பெரிய சத்தம் என்னுடையதுதான் என்று பெருமை வேறு. உன் அறைச் சாவியும் அதே கொத்தில்தான். அதைக் கழற்றிக் கொடுக்கும்போது மேசை மேல் கொத்து கலகலத்தது, அவர் லேசாகச் சிரித்துக்கொண்டே, இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்க்கா என்றார். தரை பிளந்து என்னை அப்படியே விழுங்கிவிடாதா என்று இருந்தது.

அப்பா முதலில் ஒரேயடியாகக் குதித்தார், என் வீட்டுல அந்த ஆளுக்கு ரூமா, ஊர்க்காரன் என்ன சொல்வான், என் கடைக்கு ரிப்பேருக்கு ஒரு வாஷிங் மெஷின் வருமா என்றெல்லாம். வந்த இரண்டாம் நாளே பின்கட்டில் துணி துவைக்கிற மெஷினை அவர் ஒற்றை ஆளாகத் தூக்கி இடம் மாற்றித் தந்தார், அதோடு அப்பாவின் கொள்கை முடிந்தது. சத்தமே போடாத மனிதர். காலையில் எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைப்பார், உன் வயதில் இருந்த ஒருத்தி இந்த வீட்டில் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. மனைவிக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது, அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். தொட்டில் ஒன்று வாங்கிப் பெட்டியோடு உன் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறார், பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். சீசன் கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் அடுத்த வருடம் அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேனேஜர் சொல்வாராம், வைத்துக்கொண்டால் பிரித்து மாட்டிவிட்டு அவர்களை அழைத்து வருவார், இல்லையென்றால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவது சுலபம்தானேக்கா என்றார். அதைக் கேட்டதிலிருந்து அந்த அறைக்குப் பெருக்கப் போனால் அந்தப் பெட்டியைப் பார்க்காமல்தான் பெருக்குகிறேன்.

இப்போது நீ இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார். மூன்று வாரத்துக்கு முன் படுக்கை விரிப்பு வைக்க உன் அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம், நீ பரீட்சை அட்டவணை ஒட்டுகிற அதே இடத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரசிகர்கள் எழுதுகிற அந்த இணையப் பக்கத்திலிருந்து அச்செடுத்தது, எழுதியவர் பெயர் 'பழைய விசில்'. எதிராளி பந்தைத் தொடுவதற்கு முன்பே நாலாம் நம்பர் வலது காலை ஊன்றிவிடுகிறார், ஊன்றிய காலை எடுப்பதற்குள் அவருடைய இடது பக்கம் திறந்த கதவு, கால் கடைசியில் போக வேண்டும், மட்டை முதலில் போக வேண்டும் என்று இரண்டு பத்தி. அடுத்த வரியில், அப்படி ஊன்றிவிட்டுத் திரும்ப முயலும்போது மனிதர் கடைசிச் சுற்று மெஷின் மாதிரி நின்ற இடத்திலேயே நடுங்குகிறார் என்று இருந்தது. துணி பிழிகிற கடைசிச் சுற்று மெஷின்! இந்த உலகத்தில் அப்படிச் சொல்கிறவர் உன் அப்பா ஒருவர், அவரிடமிருந்து அதைத் திருடியவள் நீ ஒருத்தி. கையில் விரிப்போடு உன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நம்பர் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பெரியவர் எழுதினதாக்கா, யாரோ ரிட்டயரான அம்பயர்போல, எல்லாரும் நான் மோசம்னு சொல்றாங்க, எங்க மோசம்னு இவர் ஒருத்தர்தான் சொல்றார், என்றார். அந்தப் பெரியவருக்கு இருபத்தொன்று ஆகிறது, இன்னும் சாக்ஸை ஜோடி சேர்க்கத் தெரியாது என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

தாளின் அடிப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது, ஒரே நேராக. மீதி எங்கே என்று போனில் தேடிப் படித்தேன். நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும், இவருக்குப் பூட்டத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுச் சாவியோடு வாருங்கள், பூட்டுவது எப்படி என்று நாம் காட்டுவோம் என்று. நீ அங்கே உட்கார்ந்து ஒரு வரி எழுதினாய், இங்கே பால்காரர் வரை சாவியைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத் தனக்கு உதவுகிறதை ஒட்டி வைத்திருக்கிறார். நான் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை, பதினோரு சாவி ஆட்டியவள். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்து நீ எழுதிய நாற்பத்திரண்டையும் ஒன்று விடாமல் படித்துவிட்டேன். எனக்கு ஒரு வரி அனுப்புகிற பெண் அங்கே பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாளே என்று முதலில் பொறாமையாக இருந்தது, அப்புறம் உன் குரலே காதில் கேட்க ஆரம்பித்தது, இரண்டு நாள் அதே வேலையாக இருந்தேன். எந்த நாளில் நீ சாப்பிடாமல் எழுதினாய், எந்த நாளில் சந்தோஷமாக எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. சாவி விஷயம் எழுதியது பன்னிரண்டாம் தேதி. அன்று காலையில்தான் நீ அப்பாவிடம் போனில், சாம்பிள் குப்பியில சீட்டை மாத்தி ஒட்டிட்டேன், எனக்கு மேல இருக்கிற அம்மா லேப்ல எல்லார் முன்னாலயும் வச்சுக் கேட்டாங்க, பயிற்சிக் காலம் முடிஞ்சதும் என்னை வச்சுப்பாங்களான்னே தெரியல என்று சொல்லியிருக்கிறாய். அம்மாகிட்ட சொல்லாதீங்க என்றும் சொல்லியிருக்கிறாய், அவர் அரை மணி நேரம்தான் தாக்குப்பிடித்தார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அன்று நீ நாலாம் நம்பரைத் திட்டியதில் பாதி உன்னை நீயே திட்டிக்கொண்டது என்று எனக்குப் பட்டது. அப்படி இல்லையென்றால் இல்லை என்று எழுது, எனக்குத் தப்பாகப் படுவதும் உண்டு.

ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவாய். பின்கட்டில் பயிற்சி நடக்கிறது. அப்பாதான் எதிரணி ஃபார்வர்டு. பழைய மெஷின் டிரம்கள் இரண்டை நிறுத்தி அதுதான் கோல். முதல் மூன்று நாள் அப்பா வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவருடைய இடது பக்கமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார், அப்பாவே தாண்டுகிறார் என்றால் நிலைமையை நீயே யோசித்துக்கொள். அப்புறம் அப்பா துணி காயப்போடுகிற கொடியில் சாய்ந்துகொண்டு யோசித்து, மெஷின வைக்கும்போது ஒரு காலை முதல்ல இறுக்கிட்டா நாலும் மட்டம் வராது தம்பி, எல்லாக் காலும் தரையத் தொட்ட பிறகுதான் இறுக்கணும், நீங்க முதல்லயே இறுக்கிடறீங்க என்றார். நீ இரண்டு பத்தியில் எழுதியதையே அவர் ஸ்பானரைக் காட்டிச் சொன்னார். வியாழக்கிழமை அப்பாவால் ஒரு தடவைகூடத் தாண்ட முடியவில்லை, அதைவிட அதிசயம், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. போன ஞாயிறு ஆட்டம் நீயும் பார்த்திருப்பாய், ஒன்றுக்கு ஒன்று, எதிரணி போட்ட அந்த ஒரு கோலும் மறுபக்கமாக வந்தது. இவருடைய இடது பக்கம் நாலு தடவை வந்தார்கள், நாலு தடவையும் மட்டை முதலில் போனது. ஐந்தாவது தடவை பழைய காலே முந்திக்கொண்டது, பெனால்டி கார்னர், கோல்கீப்பர் காப்பாற்றினார். மைதானம் ஐந்து தடவையும் சாவியை ஆட்டியது. தடுத்தாலும் ஆட்டுகிறார்கள், விட்டாலும் ஆட்டுகிறார்கள், அவர்களுக்கு இப்போது அது ஒரு பழக்கம். நான் சாவிக்கொத்தைக் கைப்பைக்குள் போட்டு மேலே சால்வையைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏங்க, உங்களுது எங்க, அதுதானே பெரிய சத்தம் என்று பின் வரிசை ஆள் கேட்டார். தொலைஞ்சுபோச்சு என்றேன்.

கடைசி ஆட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிறு. உன் விடுமுறை அதற்கு முந்தின வியாழக்கிழமை ஆரம்பிக்கிறது. நீ ஹால் சோபாவில் படுத்துக்கொள்ளலாம், புது விரிப்பு வாங்கியிருக்கிறேன், முகத்தைத் தூக்காதே. அவர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறபடியால் உனக்கு மாமா முறை என்பதை மறந்துவிடாதே, நாற்பத்திரண்டு தடவை நீ திட்டியது உன் மாமாவை. லேபில் அந்த அம்மா திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், குப்பியை எடுக்கும் முன்பே சீட்டைக் கிழித்துத் தயாராக வைத்துக்கொள்ளாதே, உனக்கும் அவசரம்தான், அவர் காலுக்கு இருக்கிற மாதிரியே. எதுவானாலும் என்னிடம் சொல், நான் கத்த மாட்டேன், கத்தினாலும் அரை மணி நேரம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுவதை நிறுத்து. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இருப்பாய், என் வயிற்றில் பிறந்தவளுக்கு அது வரும்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. கடிதத்தை உறையில் போடப் போனேன், பல் பரிசோதனைக்கு அவரே வந்து நிற்கிறார். யாருக்குக்கா இவ்வளவு பெருசா என்றார், மகளுக்கு என்றேன். அவங்களும் ஹாக்கி பாப்பாங்கன்னு அண்ணன் சொன்னாரே, என் கால் இப்போ சரியா இருக்கான்னு மட்டும் கேட்டு எழுதுங்க, நீங்க ரெண்டு பேரும் பாசத்துல நல்லாருக்குன்னுதான் சொல்வீங்க, தூரத்துல இருக்கிறவங்க சரியாச் சொல்வாங்க, என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய விசில் யார் என்று என் வாயால் வராது, அது உன்னுடையது. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலை விசில் பெயரில் போடாதே. உன் பெயரைப் போட்டு, நம் வீட்டு விலாசத்துக்கு, மேல்மாடி அறை என்று எழுதி அனுப்பு. அலமாரிக் கதவில் அந்தத் தாளுக்குக் கீழே, வெட்டிய இடத்தில், இன்னொரு தாள் ஒட்டுகிற அளவுக்கு இடம் இருக்கிறது.